பழைய சரக்கு, புது டீம்!

"அண்ணே, நீங்க நேர்ல வந்து ரெண்டு வார்த்தை சொன்னாதான் உங்க மச்சான் கேப்பாரு. நான் சொல்லி, அத்தை சொல்லி, எலும்பு டாக்டர் சொல்லி... யார் பேச்சையும் கேக்குற மாதிரி இல்ல."

ராத்திரி பத்தரை மணிக்கு இப்படி ஒரு போன் வந்தால் யாருக்குமே வயிற்றைக் கலக்கும். குடியா, சீட்டாட்டமா, சிட்பண்டா என்று என் மனசு தறிகெட்டு ஓடியது.

"என்னம்மா ஆச்சு?"

"மறுபடியும் கபடி ஆடப் போறாராம்!"

'அப்பாடா!' என்று தொண்டை வரை வந்ததை விழுங்கிவிட்டேன். பக்கத்தில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அண்ணன் என்றால் உயிர். அண்ணன் முழங்கால் என்றால் அதைவிட உயிர்.

மச்சானுக்கு வயசு 39. மங்கலம்பேட்டை கடைத்தெருவில் பந்தல், பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை. வலது முழங்காலில் பழைய அடி. மழை வருவதை வானிலை அறிக்கைக்கு முன்னாடியே அந்த முழங்கால் சொல்லிவிடும். இந்த லட்சணத்தில் இருபது வயசுப் பையன்களின் கணுக்காலைப் பாய்ந்து பிடிக்கப் போகிறாராம்.

நான் பி.காம். படித்தவன். எங்களுக்கு முதல் வருஷமே தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் அதன் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். கடைசியில் 'ஸ்கிராப் வேல்யூ' என்று ஏதோ கொஞ்சம் மிஞ்சும். அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டுப் புது மெஷின் வாங்க வேண்டியதுதான். மச்சான் விஷயமும் அவ்வளவுதான், பத்து நிமிஷத்தில் எடுத்துச் சொல்லிவிட்டுத் திரும்பி விடலாம் என்று வெள்ளிக்கிழமை ராத்திரி கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன்.

* * *

மங்கலம்பேட்டை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டையில் இறங்குங்கள். விருத்தாசலம் போகிற பஸ்ஸில் ஏறுங்கள். நடுவழியில் வரும். உளுந்தூர்பேட்டை 2019-லிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம். மங்கலம்பேட்டை கடலூர் மாவட்டம், விருத்தாசலம் வட்டத்தில் ஒரு பேரூராட்சி. ஏறுகிற இடம் ஒரு மாவட்டம், இறங்குகிற இடம் இன்னொரு மாவட்டம். நடுவில் ஒரு குட்டித் தூக்கம் போடக்கூட நேரமில்லை. கண்டக்டர் விசிலடித்துவிட்டார்.

சுற்றுலாக் கையேட்டில் தேடினால் இந்த ஊர் அகப்படாது. அருவி கிடையாது, கோட்டை கிடையாது, செல்ஃபி எடுக்கிற மலை முகடு கிடையாது. ரோட்டின் இரு பக்கமும் கடைகள். உரக்கடைக்குப் பக்கத்தில் செல்போன் கடை, அதற்குப் பக்கத்தில் பிரியாணிக் கடை. விடிகாலையில் பள்ளிவாசல் பாங்கும், கோயில் ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று இடிக்காமல் முறை வைத்து ஒலிக்கின்றன. ஊரைத் தாண்டினால் செம்மண், அதில் முந்திரித் தோப்பு, கரும்பு, மணிலா.

பேட்டை என்றாலே வியாபாரம் நடக்கிற இடம் என்று அர்த்தம். அங்கே எல்லாச் சரக்குக்கும் ஒரு விலை உண்டு. பழசுக்கும்தான். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"வாங்க மாப்ளே! உங்க தங்கச்சி போன் பண்ணிட்டாளா?" என்று சிரித்துக்கொண்டே வந்தார் மச்சான். கையில் ஒரு பெரிய அண்டா. அதைக் கீழே வைக்கும்போது முகம் ஒரு செகண்ட் சுருங்கியது. முழங்கால்!

"மச்சான், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க..."

"மொதல்ல டீ குடிப்போம், மாப்ளே."

டீக்கடை பெஞ்சில் கதை வெளியே வந்தது.

மச்சானின் சொந்த ஊர் அங்கிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். பெயர் வேண்டாம். எனக்கு அங்கே மாமியார் வீட்டு விருந்து இன்னும் பாக்கி இருக்கிறது. அந்த ஊர் டீமுக்கு மச்சான் இருபது வருஷம் ஆடினார். பிடிக்கிற ஆள். ஓரத்தில் நிற்பார். எதிராளி பாடி வந்து காலை நீட்டினால் கணுக்காலில் ஒரு பிடி. முதலை பிடி என்பார்கள். போன பொங்கலுக்கு டீம் பையன்கள் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, "அண்ணே, இனிமே நீங்கதான் கமிட்டி கௌரவத் தலைவர்" என்று மைக்கில் அறிவித்தார்கள். கை தட்டினார்கள்.

"தலைவர்னா என்ன வேலைன்னு கேட்டேன், மாப்ளே. நாற்காலில உக்காரணும்னானுங்க. அந்த நாற்காலியும் என் கடை நாற்காலி. வாடகைகூட தரல."

எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருஷம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதியவன் நான். ஒரு நாள் கூப்பிட்டு, "புதுசா வந்திருக்கிற பையன்களுக்குக் கத்துக் குடுங்க" என்றார்கள். கற்றுக் கொடுத்தேன். முடிந்ததும் பூங்கொத்து கொடுத்தார்கள். அதற்கப்புறம்தான் இப்படிப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறேன். பொன்னாடைக்கும் பூங்கொத்துக்கும் ஜி.எஸ்.டி.யில்தான் வித்தியாசம் இருக்கும்!

இரண்டு மாதம் கழித்து மங்கலம்பேட்டைப் பையன்கள் கடைக்கு வந்தார்கள். பாத்திரம் எடுக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நோட்டைத் திறந்தாராம். "அண்ணே, அண்டா வேணாம். நீங்கதான் வேணும்" என்றார்களாம்.

இந்தப் பக்கத்துக் கபடியில் 'கெஸ்ட்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஊர்ப் பையன்களோடு வெளியூர் ஆட்டக்காரர் ஒருவர், இருவரைக் கூட்டிவந்து ஆடவிடுவார்கள். வழக்கமாக இளவட்டமாகத்தான் தேடுவார்கள். இவர்கள் ஏன் மச்சானைத் தேடினார்கள்? டீமில் எல்லாருக்கும் இருபது வயசுக்கு இந்தப் பக்கம். பாய்ச்சல் உண்டு, நிதானம் இல்லை. போன வருஷம் நாலு இடத்தில் ஆடி, நாலிலும் முதல் ரவுண்டில் மூட்டை கட்டியிருக்கிறார்கள்.

"என்ன குடுக்குறாங்க மச்சான்?"

"ஒரு மேட்ச்சுக்குப் பெட்ரோல் காசு. அப்புறம் பரோட்டா."

சர்வதேச ஒப்பந்தம்தான்!

* * *

வயசான ஆட்டக்காரர் என்றதும் மச்சான் உடனே தன் தலைவர் பெயரைச் சொன்னார். தர்மராஜ் சேரலாதன். தஞ்சை மாவட்டத்துக்காரர். கபடி உலகமே அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிடும். ஹிந்திக்காரப் பையன்கள்கூட!

இவர் கணக்கைப் பாருங்கள். பிறந்தது 1975-ல். புரோ கபடி லீக் 2014-ல் தொடங்கியபோதே அவருக்கு 39. இப்போது மச்சானுக்கு இருக்கிற வயசு. அதாவது, மற்றவர்கள் பொன்னாடை வாங்குகிற வயசில் அவர் டி.வி.யில் ஆடத் தொடங்கினார். பெங்களூர், தெலுங்கு டைட்டன்ஸ், பாட்னா, புனே, மும்பை, ஹரியானா, ஜெய்ப்பூர் என்று ஏழு டீம். ஒவ்வொரு தடவையும் புது ஜெர்ஸி, புது ஊர், புரியாத பாஷை. 2016-ல் பாட்னா பைரேட்ஸுக்குக் கேப்டன். வயசு 41. அதே டீமில் பாடிப் போகிற பர்தீப் நர்வாலுக்கு 19. அப்பா - பிள்ளை வயசு வித்தியாசம். அந்த சீசன் கோப்பை பாட்னாவுக்குத்தான். அதே வருஷம் அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பைக்கு இந்திய டீமிலும் இருந்தார். பைனலில் இரானை 38 - 29 என்று ஜெயித்தோம். 2019-ல் 44 வயசில் ஹரியானாவுக்குக் கேப்டன். 2021 - 22 சீசனில் ஜெய்ப்பூருக்கு ஆடும்போது 46!

"அப்ப எனக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கு" என்றார் மச்சான்.

நானும் விடவில்லை. ஆஸ்திரேலியாவில் ஒரு புட்பால் இருக்கிறது. நம் புட்பால் இல்லை. முட்டை வடிவ மைதானத்தில், முட்டை வடிவப் பந்தை வைத்துக்கொண்டு, பக்கத்துக்குப் பதினெட்டு பேர் மோதிக்கொள்கிற ஆட்டம். அதில் லூக் ஹாட்ஜ் என்று ஒருவர். மெல்போர்னின் ஹாத்தார்ன் கிளப்புக்காக 2008, 2013, 2014, 2015 என்று நாலு கோப்பை வாங்கியவர். அதில் மூன்று கேப்டனாக. 2017-ல் 'போதும்' என்று ஓய்வு அறிவித்தார். பிறகு மனசு மாறி, பிரிஸ்பேன் என்ற வேறு கிளப்புக்குப் போனார். வயசு 33. அந்த ஆட்டத்தில் அதுவே தாத்தா வயசு. பிரிஸ்பேனில் பூராவும் சின்னப் பையன்கள். அவர் போன முதல் வருஷம் பதினெட்டு டீமில் பதினைந்தாவது இடம். "இதுக்குத்தான் இந்தக் கிழவனைக் கொண்டுவந்தீங்களா?" என்று யாரும் கேட்கலாம் இல்லையா? மறு வருஷம் லீக் ஆட்டங்கள் முடிந்தபோது அதே டீம் இரண்டாவது இடம். அத்தோடு ஹாட்ஜ் ஓய்வு பெற்றார். 2024-ல் அந்த கிளப் கோப்பையே வாங்கிவிட்டது.

மச்சான் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உருண்டையா இல்லாத பந்தை எப்படி மாப்ளே குறி பார்த்து உதைப்பானுங்க?"

அவரை நிறுத்த வந்தவன், அவருக்குச் சாதகமாக சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது டீ கிளாஸைக் கீழே வைக்கும்போதுதான் புரிந்தது.

* * *

சனிக்கிழமை ராத்திரி மேட்ச். பக்கத்துக் கிராமத்தில், அறுவடை முடிந்த நிலத்தைச் சமன்படுத்தி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். சுற்றிலும் சவுக்குக் கழி கட்டி, மேலே போகஸ் லைட். டிராக்டர் மேல் பத்துப் பேர், வேப்பமரத்தின் மேல் பதினைந்து பேர். மைக் பிடித்தவர் மூச்சு விடாமல் பேசினார். அவரைப் பாடி வர விட்டால் எந்த டீமும் ஜெயிக்கும்.

மச்சான் உள்ளே இறங்கினார். முழங்காலில் கறுப்பு உறை. புது ஜெர்ஸி, வயிற்றில் கொஞ்சம் இறுக்கம். கூட்டத்தில் யாரோ, "பெருசு, பாத்து!" என்று குரல் கொடுத்தார்கள். சிரிப்பு.

முதல் மேட்ச்சைப் பற்றி நான் சொல்லாமல் விட்டால் மச்சான் சந்தோஷப்படுவார். ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். முதல் பிடி, கணுக்கால் கையில் சிக்கி நழுவியது. இரண்டாவது பிடிக்கு அரை செகண்ட் தாமதமாகப் பாய்ந்தார். வந்தவன் அவரையும் இன்னொருவரையும் தொட்டுவிட்டுத் துள்ளிக்குதித்துப் போனான். மூன்றாவதில் பிடித்தார். ஆனால் அவரையே இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டுவிட்டான் அந்தப் பையன். மேட்ச்சை எப்படியோ இவர்கள் ஜெயித்தார்கள். மச்சானின் பங்கு? பூஜ்யம். சரியாகச் சொன்னால் மைனஸ்.

இரண்டாவது மேட்ச்சில் அவரை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். வாடகை நாற்காலி! மச்சான் எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

கை சும்மா இருக்காது எனக்கு. சட்டைப் பையிலிருந்த கல்யாணப் பத்திரிகைக் கவரின் பின்பக்கம் கணக்கெழுத ஆரம்பித்தேன். முதல் பாதியில் நம் டீம் எதிரிக்குக் கொடுத்த பாயிண்ட் 17. பிடிக்கப் போகிறேன் பேர்வழி என்று ஒரே நேரத்தில் மூன்று பேர் பாய்வான்கள். மூன்று பேரும் அவுட். இரண்டாவது பாதியில் மச்சானை இறக்கினார்கள். வேறு வழியில்லாமல்தான்.

மச்சான் இந்தத் தடவை பாயவே இல்லை. ஓரத்தில் நின்று கத்தினார். "டேய், நில்லு! கோடு, கோடு! அவன் போனஸுக்கு வர்றான், விட்டுடு! கையைப் புடிடா, பக்கத்துல இருக்கிறவன் கையைப் புடி!" அந்தக் கத்தலில் ஆறு பேரும் ஒரு கயிற்றில் கட்டின மாதிரி நகர்ந்தார்கள். இரண்டாவது பாதியில் கொடுத்த பாயிண்ட் 8. மச்சான் சொந்தமாகப் பிடித்தது ஒன்றே ஒன்று.

ஸ்கோர் போர்டில் அவர் பேருக்கு நேராக 1. மிச்சமான ஒன்பது பாயிண்டை எந்த நோட்டில் எழுதுவார்கள்?

கவரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

* * *

ஞாயிறு காலை. "அண்ணே, விருத்தாசலம் வரைக்கும் துணைக்கு வாங்க, ஒரு வேலை இருக்கு" என்றாள் மச்சானின் மனைவி. முறைக்கு எனக்குத் தங்கச்சி. மச்சான் தூங்கிக்கொண்டிருந்தார், முழங்காலின் கீழ் இரண்டு தலையணை.

விருத்தாசலத்தின் பழைய பெயர் முதுகுன்றம். விருத்தம் என்றால் முதுமை, அசலம் என்றால் மலை. சுவாமி பெயர் பழமலைநாதர். அம்மன் பெயர் பெரியநாயகி, விருத்தாம்பிகை. பெயரிலேயே வயசு ஏறின ஊர்.

குரு நமசிவாயர் பசியோடு இங்கே வந்து தங்கிய கதையைத் தங்கச்சி பஸ்ஸில் சொன்னாள். அம்மனைக் கிழவி என்று பாடிச் சோறு கேட்டாராம். அம்மனும் கிழவி வேஷத்திலேயே வந்து, "கிழவிக்குச் சோறு தூக்கிவர ஏதுப்பா தெம்பு? இளமையா பாடு, கொண்டுவர்றேன்" என்றாளாம். மாற்றிப் பாடினாராம், இளம்பெண்ணாகச் சோற்றோடு வந்தாளாம். அதனால்தான் இங்கே இளையநாயகிக்கும் சன்னதி இருக்கிறது என்றாள். கூப்பிடுகிற விதத்தில்தான் இருக்கிறது வயசு!

கோயிலைத் தரிசித்த பிறகு, "இப்பதான் வேலையே" என்று ஆட்டோ பிடித்தாள். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். முருகன்தான். சிலையாக அல்லாமல் கல்லாகவே இருக்கிறார். இங்கே 'பிராது கட்டுவது' பிரசித்தம். கோர்ட்டில் மனு எழுதுகிற மாதிரி பேர், ஊர், குறை எல்லாம் காகிதத்தில் எழுதிக் கட்டிவிட வேண்டும். எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறோமோ அதற்குத் தகுந்த மாதிரி படிப்பணம். டி.ஏ. பில் மாதிரி. காரியம் முடிந்ததும் திரும்பி வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். கணக்கு வழக்கில் இவ்வளவு சுத்தமான சாமியை நான் பார்த்ததில்லை.

"போன வாரமே கட்டிட்டேன், அண்ணே. சாமி இன்னும் ஒண்ணும் பண்ணலையேன்னு ஞாபகப்படுத்த வந்தேன்."

"என்னம்மா பிராது?"

"என் புருஷன் கபடி ஆடக் கூடாதுன்னு."

சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்குத் தெரியாது அண்ணே. மூணு வருஷம் முன்னாடி கால் மடங்கி விழுந்தாரு. நாப்பது நாள் நான்தான் அண்டா தூக்கினேன். பசங்க ரெண்டும் படிக்குது. மறுபடி விழுந்தா கடையை யார் பாப்பா? அந்த டீம் பசங்களா வருவானுங்க?"

அதற்கு என்னிடம் பதிலில்லை. அவள் சொன்னது அத்தனையும் நியாயம்.

பிராகாரத்தில் உட்கார்ந்தபோது, இந்தக் கோயில் கதையையும் அவளே சொன்னாள். சுந்தரர் முதுகுன்றம் வழியாக வந்தாராம். மலையும் கிழடு, சாமியும் கிழடு, அம்மனும் கிழடு, இதிலே என்னத்தைப் பாடுவது என்று நினைத்துப் பாடாமலே நடையைக் கட்டினாராம். அவரை முருகன் வேடன் வேஷத்தில் வழிமறித்து, கையிலிருந்த பொருளை எல்லாம் பிடுங்கிக்கொண்டு, முதுகுன்றத்துக்கு வந்து வாங்கிக்கொள் என்று அனுப்பிவிட்டானாம். சுந்தரர் திரும்பி வந்து பாடினார். பன்னிரண்டாயிரம் பொன் கிடைத்தது. அதை இந்த ஊர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது நாடறிந்த கதை.

"அந்த வேடன்தான் இந்தக் கொளஞ்சியப்பர்" என்று முடித்தாள்.

"ஏம்மா, கிழடுன்னு ஒதுக்கிட்டுப் போனவரை மறிச்சுத் திருப்பி அனுப்பின சாமிகிட்ட போய், என் புருஷனைக் கிழடுன்னு ஒதுக்கிடுன்னு பிராது கட்டியிருக்கியே... அவரு யார் பக்கம்மா தீர்ப்பு சொல்வாரு?"

தங்கச்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பி வரும் வரை பேசவில்லை. நான் எதற்காக வரவழைக்கப்பட்டேனோ அதற்கு நேர் எதிராக வேலை பார்க்கிறேன் என்பது அவளுக்கும் புரிந்துவிட்டது.

* * *

ஞாயிறு ராத்திரி அரையிறுதி. எதிர் டீம் யார் என்று நினைக்கிறீர்கள்? பொன்னாடை போர்த்திய அதே டீம். மச்சானின் சொந்த ஊர்!

அவர்களில் நன்றாகப் பாடி வருகிற பையனுக்கு இருபத்திரண்டு வயசு. மச்சானுக்குப் பங்காளி மகன். ஏழு வயசில் கோடு தாண்டக் கற்றுக் கொடுத்தது மச்சான்தான். உள்ளே வரும்போதே, "சித்தப்பா, பாத்து ஆடுங்க. கால் பத்திரம்" என்றான். கேலியா, அக்கறையா தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

தங்கச்சியும் வந்திருந்தாள். "மேட்ச் பாக்க வரல, அடிபட்டா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக வந்தேன்" என்று டிராக்டர் ஓரம் நின்றாள்.

மேட்ச் இழுத்துக்கோ பிடித்துக்கோ என்று போனது. கடைசி பாட்டு. இவர்கள் ஒரு பாயிண்ட் முன்னே. உள்ளே மூன்றே பேர். மச்சான் ஓர் ஓரத்தில், மறு ஓரத்தில் ஒரு பத்தொன்பது வயசுப் பையன், நடுவில் ஒருவன். பாடி வருகிறவன் சித்தப்பா பிள்ளை. கபடி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: அடுத்தடுத்து இரண்டு தடவை பாயிண்ட் இல்லாமல் ஒரு டீம் திரும்பினால், மூன்றாவது தடவை போகிறவன் பாயிண்ட் எடுத்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் அவன் அவுட். கையில் முப்பது செகண்ட். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்து பிடித்துவிட்டால் பிடித்தவர்களுக்கு ஒன்றுக்கு இரண்டு பாயிண்ட்.

பையன் வந்தான். இடது காலை நீட்டினான், இழுத்தான். மச்சான் அசையவில்லை. அந்தக் கால் பொய் என்று அவருக்குத் தெரியும். அவர் கற்றுக் கொடுத்த பொய்தானே! இருபது செகண்ட் ஆயிற்று. மச்சான் திடீரென்று உடம்பைக் குனிந்து, அந்த முதலைப் பிடிக்குத் தயாராகிற மாதிரி ஓர் அடி முன்னால் வைத்தார். பையன் கண்ணில் ஒரு மிரட்சி. பதினைந்து வருஷப் பயம். சித்தப்பா பக்கம் வேண்டாம் என்று சட்டென்று மறு ஓரத்துக்குத் திரும்பினான்.

அங்கேதான் அந்தப் பத்தொன்பது வயசு காத்திருந்தது. தொடையில் ஒரு பிடி. நடுவில் நின்றவன் மேலே விழுந்தான். மச்சான் ஓடி வந்து சேருவதற்குள் விசில்.

மைதானம் அதிர்ந்தது. அந்தப் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். மைக்காரர் அவன் பெயரை ஏழு தடவை சொன்னார். மச்சான் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. அவர் யாரையும் தொடவே இல்லையே, எப்படி வரும்? இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நொண்டியபடி ஓரமாக நடந்து வந்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எங்கள் கல்யாணத்தில்கூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

தோற்ற பையன் நேராக வந்தான். "சித்தப்பா... அடுத்த வருஷம் நம்ம டீமுக்கே வந்துடுங்க."

"மங்கலம்பேட்டை பசங்க பெட்ரோல் காசு குடுத்துட்டாங்கடா" என்றார் மச்சான்.

பைனலில் தோற்றோம். பெரிய வித்தியாசத்தில். அதை எழுதப் பக்கம் போதாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

பி.காம்.மில் தேய்மானம் போட இரண்டு வழி சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்று, வருஷா வருஷம் ஒரே தொகையைக் கழிப்பது. குறிப்பிட்ட வருஷத்தில் சரக்கு தீர்ந்துவிடும். இன்னொன்று, மிச்சமிருக்கும் மதிப்பில் சதவீதம் கழிப்பது. அந்த முறையில் மதிப்பு குறைந்துகொண்டே போகும், ஆனால் எத்தனை வருஷமானாலும் பூஜ்யம் ஆகவே ஆகாது. கம்பெனிகளும் கபடி கமிட்டிகளும் ஆட்களுக்கு முதல் முறையைப் போட்டுவிடுகின்றன. அங்கேதான் கணக்கு பிசகுகிறது. தேய்ந்தது மச்சானின் முழங்கால். கால் நீட்டும்போதே பொய்யைக் கண்டுபிடிக்கிற கண் தேயவில்லை. அந்தக் கண்ணுக்கு எந்த ஸ்கோர் போர்டிலும் பத்தி கிடையாது.

ஆனால் அந்தக் கணக்கின் மறு பக்கத்தையும் எழுதத்தான் வேண்டும். திங்கள் காலை மச்சானால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது. தங்கச்சி ஒரு வார்த்தை பேசாமல் ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடையில் ஒரு காதுகுத்து விசேஷத்துக்குப் பாத்திரம் ஏற்ற வேண்டும். நானும், அந்தப் பத்தொன்பது வயசுப் பையனும், இன்னும் இரண்டு ஜெர்ஸிகளும் அண்டா தூக்கினோம். ஆமாம், பசங்க வந்திருந்தார்கள். அதைத் தங்கச்சியும் பார்த்தாள்.

பஸ் ஏற்றிவிட வந்தவளிடம் மெதுவாகக் கேட்டேன். "என்னம்மா, கொளஞ்சியப்பர்கிட்ட பிராதை வாபஸ் வாங்கிடப் போறியா?"

"அது எப்படி அண்ணே? கேஸ் கேஸ்தான்."

"அப்புறம்?"

பஸ் நகரும்போது ஜன்னலோரம் வந்து சொன்னாள்:

"அடுத்த பொங்கல் வரைக்கும் வாய்தா குடுத்திருக்கேன்!"